மேல்மலைக்குச் சிவப்பு அடித்த கதை

காபி நட்டுப் பிழைப்பவர்கள் உண்டு, பறித்துப் பிழைப்பவர்கள் உண்டு, வறுத்து அரைத்துப் பிழைப்பவர்கள் பெங்களூர் மல்லேஸ்வரம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நான் காபித் தோட்டங்களுக்குக் கலர் அடித்துப் பிழைக்கிறவள்.

பெயிண்ட் வேலை இல்லை. ஐரோப்பாவில் காபி வாங்குகிற கம்பெனிகளுக்கு, அது காட்டை அழித்து விளைந்த காபி இல்லை என்று சான்று வேண்டும். அதற்காக ஒவ்வொரு விவசாயியின் தோட்டத்துக்கும் சாட்டிலைட் படத்தில் எல்லைக் கோடு போட்டு, பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கலர் கொடுக்க வேண்டும். பச்சை என்றால் காபி கப்பல் ஏறும். சிவப்பு என்றால் ஏறாது. முதலில் சிஸ்டம் ஒரு கலர் சொல்லும், பிறகு நாங்கள் பார்த்து ஆமாம் போடுவோம். பெங்களூர் வெளிவட்டச் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இது நடக்கிறது. போகாத ஊரின் தலையெழுத்தை ஏசியில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகத்தில் நீங்களும் இருந்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

காலேஜில் ஸ்பானிஷ் எடுத்துப் படித்த பாவத்துக்கு எனக்கு மெக்சிகோவைக் கொடுத்தார்கள். அதிலும் ஒஹாக்கா மாநிலத்தில் ஒரு மலை நகராட்சி. நகராட்சி என்றதும் மர்பி டவுனில் வளர்ந்த எனக்குக் குப்பை லாரிதான் கண்ணில் வந்தது. இது வேறு மாதிரி. முகட்டில் ஒரு சர்ச், ஒரு ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம். சரிவெல்லாம் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். எல்லாவற்றையும் சேர்க்கும் ஒரே ஒரு மண் ரோடு, அதுவும் மழைக்காலத்தில் பாதி ஆற்றுக்குப் போய்விடும். உச்சியில் பைன் மரமும் மேகமும், நடுச்சரிவில் காபி, வீட்டுச் சாப்பாட்டுக்கு மக்காச்சோளம். ஊரின் பெயர் ஒரு புனிதரில் தொடங்கி மலைமக்கள் பாஷையில் முடியும், ஒரே மூச்சில் சொல்ல வராது. ஆபீஸில் நாங்கள் மேல்மலை என்று வைத்துக்கொண்டோம்.

இன்ஜினியர் பட்டம்

மேல்மலையில் எனக்குப் பேச்சுத்துணை எலோடியா. அங்குள்ள காபி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் களப்பணி. நமக்குச் சாயங்காலம் என்றால் அவருக்குக் காலை. சிக்னலுக்காகப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏறி வந்து போன் செய்வார், பின்னால் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் கேட்கும். அந்த ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் எல்லாம் இன்ஜினியர் என்பதால் முதல் நாளே என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். நான் பி.ஏ. தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து அளந்தவர் அவர்தான். அளப்பது சுலபம், அளக்க விடச் சொல்வதுதான் கஷ்டம். அளந்தால் வரி வரும், அளந்தால் நிலத்தைப் பிடுங்குவார்கள் என்று ஊரே மிரண்டிருக்கிறது. இல்லை, அளந்தால் நம் காபி நேராக ஐரோப்பாவுக்குப் போகும், தரகன் காலில் விழ வேண்டாம் என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார். அவர் பேசிய ஸ்பானிஷை நம் தமிழில் சொல்கிறேன்:

“எனக்காகத்தான் அளக்க விட்டாங்க, இன்ஜினியரம்மா. தப்பாப் போச்சுன்னா கம்பெனிக்காரங்க வீடு அவங்களுக்குத் தெரியாது, என் வீடு தெரியும்.”

சரிவு

ஒரு தோட்டத்துக்குச் சிஸ்டம் மஞ்சள் காட்டியது. இவ்வளவு சின்ன நிலத்தில் இவ்வளவு காபி விளையாது, எங்கிருந்தோ வாங்கிக் கலக்கிறார் என்று சந்தேகம். தோட்டக்காரர் அபுந்தியோ, வயதானவர். எலோடியா போனை அவரிடம் கொடுத்தார். நிலம் கூரை மாதிரி செங்குத்தாகச் சரிந்து கிடக்கிறது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் சில இடங்களில் பறிப்போம் என்றார். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் சரிவு மடங்கிப் போய்ச் சின்னதாகத்தானே தெரியும்! இது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மஞ்சளைப் பச்சையாக்கினேன். அவருக்கு மட்டும் கோபம் ஆறவில்லை.

“மேலேருந்து பாத்தா சின்னதுதான். பறிக்கிறவன் மேலேருந்தா பறிக்கிறான்?”

சம்பளமில்லாத நாற்காலி

அடுத்து பட்டா கேட்டோம். மேல்மலையில் பட்டா கிடையாது, நிலம் மொத்தமும் ஊர்ப்பொது. யார் எந்தச் சரிவில் பாடுபடுகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதை நகராட்சித் தலைவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. தலைவர் என்றால் நம் ஊர்க் கார்ப்பரேட்டர் மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளை வண்டி என்று நினைத்தேன். வீடியோவில் வந்தவர் சிமெண்டுத் தூசியோடு நின்றிருந்தார். அன்று ரோடு வேலை. சம்பளமில்லாமல் எல்லாரும் மண்வெட்டி பிடிக்க வேண்டும், தலைவருக்கும் விலக்கில்லை.

மனிதர் பல வருஷம் அமெரிக்காவில் ஹோட்டல் வேலை பார்த்தவர். ஊர்ச்சபை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. பதவிக்கு வராவிட்டால் நிலத்திலும் தண்ணீரிலும் பங்கு போய்விடும். அதனால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு இப்போது தம்பி அங்கிருந்து அனுப்புகிறானாம். வாழ்த்துகள் என்றேன், வேறென்ன சொல்வது!

“அங்க பாத்திரம் கழுவினா சம்பளம் உண்டு. இங்க நாற்காலி மட்டும்தான்.”

சாம்பல் கலர்

நடுவில் நம் ஊர் சமாச்சாரம் ஒன்று. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஒரே வாரத்தில் அத்தனையையும் சாய்த்தார்கள். வயிற்றெரிச்சலில் அந்த இடத்தைச் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். கலரே வரவில்லை, சாம்பலாக இருந்தது. பக்கத்து ஸீட் பூஜா எட்டிப் பார்த்தாள். மூடிகெரே பக்கத்துக் காபித் தோட்டக்காரர் மகள், கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் சரளம்.

“காபி வெளையாத எடத்துல எத்தன மரம் வேணா வெட்டலாம்ரீ, ஸ்டெல்லா.”

கவாத்து

அறுவடை முடிந்த பிறகு வந்த புதுப் படத்தில் மேல்மலையின் முக்கால்வாசி ஒரே நாளில் சிவப்பாயிற்று. உடனே எலோடியாவுக்குப் போன் போட்டால், அவர் சந்தோஷமாகப் பேசுகிறார். இலைத்துரு நோயில் செடிகள் கிழண்டு போயிருந்தனவாம். ஊர் கூடி முடிவெடுத்து, செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருக்கிறார்கள், புதுத் துளிர் வருவதற்காக. துளிருக்கு வெயில் வேண்டுமென்று நிழல் மரங்களின் கிளைகளையும் கழித்திருக்கிறார்கள். ஒரு மரத்தைக்கூட வேரோடு எடுக்கவில்லை. நிழல் மரத்தின் வெட்டாத கிளையில் தொங்கும் காய்களை உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைப் பிள்ளைகள் தின்றுகொண்டிருக்கும் படம்கூட அனுப்பினார்.

ஆனால் நிழல் மரத்தடிக் காபியை மேலேயிருந்து பார்த்தால் காடு மாதிரியே இருக்கும். பழைய படத்தைச் சிஸ்டம் காடு என்றே எழுதி வைத்திருந்தது. இப்போது மொட்டையாகத் தெரிகிறது. ஆகவே காடு அழிந்தது! பூஜா படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “அய்யோ ராமா, இது கவாத்து. எங்க தோட்டத்துலயும் மழைக்கு முன்னாடி கெளை கழிப்போம். நாங்கள்லாம் ஜெயிலுக்கா போனோம்?” என்றாள். அவளே சொல்லிவிட்ட தைரியத்தில் அத்தனை தோட்டத்தையும் கையால் பச்சையாக்கி, காரணமும் எழுதினேன். மறுநாள் எல்லாம் திரும்பச் சிவப்பு. டீம் லீடர் ரகுநந்தன் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகத்தான் பேசுவார்.

“ஸ்டெல்லா, நம்ம வேலை காரணம் சொல்றது இல்லீங்க, கலர் சொல்றது.”

தொப்பி

அப்பீல் பண்ணலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் தரையிலிருந்து எடுத்த போட்டோ செல்லாது, மேலேயிருந்து எடுத்த படம்தான் ஆதாரம். இதை எலோடியாவுக்கு விளக்கினேன். சரி, நாங்கள் மேலே தெரிகிற மாதிரி செய்கிறோம் என்று வைத்துவிட்டார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மைதானத்திலிருந்து அழைப்பு. அன்று விடிந்ததிலிருந்து ஊரே தோட்டங்களில் நிற்கிறதாம். வெட்டாத மரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஆள், மரம் இருக்கிறது என்று காட்டுவதற்காக. அபுந்தியோ பெரியவர் தன் செங்குத்துச் சரிவில் நின்று வானத்தைப் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் சாட்டிலைட்டுக்கு மனிதன் தெரியமாட்டான், ஒரு வீட்டின் அளவே அதற்கு ஒரு புள்ளிதான். அதுவும் என்றைக்காவதுதான் அந்தப் பக்கம் வரும், வந்தாலும் மேகம் மறைத்திருக்கும். இதைச் சொல்லாமல், கழுத்து வலிக்குமே, எல்லாரையும் உட்காரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். எலோடியா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

“பரவால்ல இன்ஜினியரம்மா, வரவரைக்கும் நிப்பாங்க. எந்தப் பக்கம் பாத்து ஆட்டணும்னு மட்டும் சொல்லுங்க.”

அன்று நான் பாத்ரூமில் போய் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சங்கத்துப் போன்

அப்பீல் தள்ளுபடியாயிற்று. மேல்மலைக் காபியை வாங்குவதாக இருந்த ஐரோப்பியக் கம்பெனி இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு மலைக்குப் போய்விட்டது. மூட்டைகளெல்லாம் தரகனிடமே போயின. அவன் சிவப்பைக் காட்டியே விலையை இறக்கியிருக்கிறான். அவனுக்கு அந்தச் சேதி எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தரகர்களுக்கு எப்போதுமே முதலில் தெரியும்.

ஊர்ச்சபை கூடியது. எலோடியாவை நடுவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். வீடு வீடாக வந்தது யார், அளந்தது யார், இந்தியாவில் ஒரு இன்ஜினியர் இருக்கிறாள், நம் மலையைப் புரிந்தவள் என்று சொன்னது யார். சங்க வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் வடக்கே தக்காளிப் பண்ணைக்குக் கூலி வேலைக்குக் கிளம்புகிறார், மகளை அக்காவிடம் விட்டுவிட்டு. இதையெல்லாம் என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். உங்களோடு தொடர்பில் இருக்கிறேன், ஏதாவது செய்யப் பார்க்கிறேன் என்று நான் உளறினேன்.

“இனி இந்த நம்பருக்கு அடிக்காதீங்க. போன் சங்கத்தோடது, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்.”

கைதட்டல்

மறு வருஷம் மேல்மலையின் படம் திரும்ப வந்தது. மேகமில்லாத, சுத்தமான படம். காபித் துளிர் நிமிர்ந்து, கிளைகள் விரிந்து, பழையபடி கரும்பச்சையாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் சரிவு முழுக்க வெளுத்துக் கிடந்தது. விற்காத காபிக்கு யார் நிழல் வளர்ப்பார்கள்? செடியைப் பிடுங்கி, மரத்தை வேரோடு சாய்த்து விறகாக்கி, சிலர் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள், சிலர் மாடு மேய விட்டிருந்தார்கள். அபுந்தியோவின் சரிவில் சோளம்கூட இல்லை. மழையில் மண் பிளந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அது சிஸ்டம் போட்ட சிவப்பு இல்லை, வெறும் மண். மண் சரிந்த நேரத்தில் அங்கே ஆள் இருந்தார்களா என்று கேட்க எனக்கு நம்பர் இல்லை. எங்கள் கேள்விப் பட்டியலிலும் அந்தக் கேள்வி இல்லை.

மீட்டிங்கில் ரகுநந்தன் இரண்டு படங்களையும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, காடு அழிந்திருக்கிறது. பூஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். ரகுநந்தன் என்னைப் பார்த்து, நல்ல மனதோடுதான், சிரித்தார்.

“பாத்தீங்களா ஸ்டெல்லா? போன வருஷமே சிஸ்டம் சொல்லிருச்சு, நீங்கதான் நம்பல.”

இன்றும் யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் காட்டைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் சொல்கிறேன், கேட்டவர் கையில் காபி டம்ளர் இல்லாவிட்டால் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.