பிரசவ அறையில் தாட்சாயிணி சொன்னது

என் தங்கை தாட்சாயிணி பருத்திப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான மறுவருடம் அவளுக்குப் பிறப்புறுப்பில் எரிச்சலோடு கொப்புளங்கள் வந்தன.

"அக்கிதாண்டி இது. குயவர் ஊட்ல காவி எழுதிகினு வந்தா அடங்கிடும்" என்றார் மாமியார்.

"எழுதுற எடமா அத்தே அது?" என்று அந்த வலியிலும் சிரித்தாள்.

நானும் அவளும் ஆவடியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். இது அக்கி இல்லை, ஹெர்பீஸ். உடலுறவில் தொற்றும் கிருமி உடம்பிலேயே தங்கி எப்போதாவது தலைகாட்டும். மாத்திரையில் அடங்கும் என்றார். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்ல முடியாதாம். பலருக்கு இருப்பதே தெரியாதாம்.

அன்றே கணவர் லோகநாதனிடம் சொல்லிவிட்டாள். அவர், "எங்கேந்து வந்துதுன்னு தேடி இன்னா பண்றது? நானும் டாக்டராண்ட வரேன்" என்றார்.

அவள் கர்ப்பமானாள். பிரசவத்தின்போது புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றலாம், முன்கூட்டியே சொல்லிவிடு என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஆனால் வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாமியார், "கேட்டா அக்கின்னு சொல்லிடு. மானம் போயிடும்" என்றார்.

பிரசவ அறையில் யாரும் கேட்கும் முன்பே தாட்சாயிணி உரக்கச் சொன்னாள்: "எனக்கு ஹெர்பீஸ் கீது. புண்ணு இருக்குதான்னு நல்லா பாத்துடுங்க."

பார்த்தார்கள். புண் எதுவும் இல்லை. சுகப்பிரசவம்.

பேத்தியை மடியில் வாங்கிய மாமியார், "உங்கம்மா வாயி இருக்குதே, அது நல்ல வாயிடி" என்றார். அந்த வாய்க்கு நானும் நன்றி சொல்கிறேன்.