கூட்டத்தில் சொல்லாமல் விட்டது

டெப்போவில் அவளை எல்லோரும் 'முதல் பஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது விடியும் முன்பே அவள் ஓட்டிக்கொண்டு கிளம்புகிற வண்டி அது. சீனியர்கள் யாரும் தொட மாட்டேன் என்றதால் அவள் தலையில் விழுந்தது. ஆனாலும் அவளுக்கு அது தோதாகத்தான் இருந்தது. புருஷன் ஒரு பாரில் சப்ளையர். நள்ளிரவில் பார் மூடி, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் வீடு வந்த பிறகுதான் அவள் கிளம்புவாள். வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். மகளுக்கு வலிப்பு. அதுவும் விடியற்காலைத் தூக்கத்தில் வருவது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அவருடைய ராத்திரிச் சாப்பாடும் அவளுடைய காலைக் காபியும் ஒரே மேஜையில் நடக்கும். "நம்ம வீட்டுக்கு மட்டும் சூரியன் வழி தெரியாம வருது" என்பார் அவர். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய குடித்தனம்.

பார்களை விடியற்காலை வரை திறந்து வைக்க அனுமதிக்கலாமா என்று மாநகராட்சி யோசிப்பதாகப் பேச்சு வந்தது. அப்படியானால் அவர் வீடு வரும் முன்பே அவள் கிளம்பியாக வேண்டும். பொதுமக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். மகளைப் பற்றி அங்கே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலாளிக்குப் பயந்து தடுத்துவிடுவார் என்று நினைத்தாள். அவரும் அன்று பாரில் சரக்கு இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

மாநகராட்சிக் கூடத்தின் முன்வரிசையில் பார் ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதலாளி. அவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன்.

புருஷனின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். மனப்பாடம் செய்ததைப் போலப் பேசினார். நேரத்தை நீட்டினால் தன்னைப் போன்றவர்களின் குடும்பங்கள் நன்றாக இருக்கும் என்றார். திரும்பும்போதுதான் அவளைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

சற்று நேரத்தில் அவள் முறை வந்தது. மகளைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் சொன்னது அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். முதலாளி பக்கத்திலேயே இருக்கிறார். அவள், குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுபவர்களால் டிரைவர்களுக்கு வரும் தொல்லையைப் பற்றிப் பேசினாள். மேடையில் இருந்த அதிகாரி தலையாட்டி, பஸ்களில் காவலுக்கு ஆள் போடலாம் என்று குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து இரண்டு பேரும் நடந்தார்கள். பஸ் நிறுத்தத்தில்தான் அவர் கேட்டார்.

"பாப்பாவப் பத்திச் சொல்லத்தானே வந்த? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நாளைக்கு உங்களுக்கு வேலை இருந்திருக்குமா?"

"நான் வந்து பேசலன்னா இன்னைக்கே இருந்திருக்காது" என்றார்.

கொஞ்ச நாளில் பார்களுக்கு அனுமதி வந்துவிட்டது. அவள் ஷிப்ட் மாற்றிக் கேட்டாள். டெப்போ மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் இடம் இல்லை என்று கையை விரித்தார். புருஷன் வேறு பார்களில் விசாரித்தார். எல்லாம் அதே நேரம்தான். வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

அந்த அக்காவும் மனுஷிதானே. ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். அன்று அவர் வேலை முடிந்து வந்தபோது மகள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தாள். நாக்கு கடிபட்டு, தலையணையெல்லாம் ரத்தம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி மகள் தூங்கப் பயந்து கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

செய்தி கேட்டு வேறு ஊரிலிருந்து நாத்தனார் வந்தாள். குறை சொல்லுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். நாத்தனாரோ, பாப்பா கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்றாள். குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மகள் மட்டும், "எவ்ளோ நாளைக்கு அத்தை வீட்டுல இருக்கணும்?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு ஷிப்ட் மாறுற வரைக்கும்."

இப்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் எழும்போது அவர் இருக்க மாட்டார். சமைத்ததை மூடி வைத்துவிட்டுப் போவார்கள். பல நாள் ஒருவர் வைத்ததை மற்றவர் தொடுவதே இல்லை.

ஒருநாள் நாத்தனார் போன் செய்தாள். இங்கே வந்ததிலிருந்து பாப்பாவுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, பயமில்லாமல் தூங்குவதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவள் சந்தோஷப்படத்தான் வேண்டும். "சேத்துடுங்க அண்ணி" என்றாள். போனை வைத்த பிறகு, அவரை எழுப்பிச் சொல்லலாமா என்று கட்டிலருகே போய் நின்றாள். அவர் வாயைத் திறந்தபடி, அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.