பாதுகாப்பு வால்வு சீறியபோது

1. ஒரு கரண்டி நிலக்கரி போட்டேன்.
2. கொதிகலனில் அழுத்தம் ஏறியது.
3. பாதுகாப்பு வால்வு உஸ்ஸென்று சீறியது.

ஒஸ்லோவில் எங்கள் ரயில் ஆர்வலர் கழகத்தின் தோட்டத்தில் ஓடும் சின்ன நீராவி ரயிலில் எனக்கு இன்று ஓட்டுநர் தேர்வு. தேர்வாளர் என் கைகளையே பார்த்தார்.

ஏழு வயதில் இதே சத்தத்தை இங்கேதான் முதலில் கேட்டேன். நகரின் ஓரத்தில் நாங்கள் இருந்த குரோருட்டிலிருந்து வந்து, அம்மாவுக்கு முன்னால் சின்னப் பெட்டியின்மேல் காலை அகட்டி உட்கார்ந்திருந்தேன். ஈர நிலக்கரி மணத்தது. வால்வு சீறியதும் அம்மா ஓட்டுநரைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார்.

"அடுப்பைக் குறையுங்கோ! தண்ணி வத்தப் போகுது!"

பின்னாலிருந்த அப்பா சிரித்தார். "இஞ்சாரும், இது உம்மட பருப்புக் குக்கர் இல்லை."

"கொதிக்கிறதெல்லாம் ஒண்டுதான். நீங்கள் பேசாம இருங்கோ."

தமிழ் தெரியாத அந்த ஓட்டுநர் நெருப்பை ஊதும் குழாயை மூடினார், கொதிகலனுக்குள் தண்ணீர் ஏற்றினார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

இன்று நானும் ஊதும் குழாயை மூடித் தண்ணீர் ஏற்றினேன். சீறல் அடங்கியது. தேர்வாளர் கை குலுக்கினார்.

இந்தக் கோடையிலிருந்து பயணிகளை ஏற்றி நான் தனியே ஓட்டலாம்.