விளாஸ்தா தேர்ந்தெடுத்த நாடகங்கள்

பதினோரு ஆண்டுகள் புருஷனிடம் அடி வாங்கிய ஒருத்தி, அவன் செத்த பிறகு, கொலையும் அடிதடியும் உள்ள நாடகங்களாகத் தேடிப் போய்க் காசு கொடுத்து ஏன் பார்க்க வேண்டும்? விளாஸ்தாவின் மகள் ராத்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் கேள்வி இருந்தது. அவளாகக் கண்டுபிடித்த பதில்கள் எதுவும் நிலைக்கவில்லை.

விளாஸ்தா, ஒஸ்திராவா நகரத்து இரும்பாலையில் கிரேன் ஓட்டினாள். உருகிய இரும்புக் கொப்பரையை மனிதத் தலைகளுக்கு மேலாக நகர்த்துகிற வேலை. வருடத்துக்கு இரண்டு முறை தொழிற்சங்கம் தலைநகரான பிராகாவுக்கு நாடகம் பார்க்கப் பேருந்து விடும். அதற்கு முன் நாடகப் பட்டியல் சுற்றுக்கு வரும். மற்றவர்கள் பாட்டும் சிரிப்பும் உள்ளதில் பெயர் எழுதுவார்கள். விளாஸ்தா சங்கத்துப் பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "இதுல யாராவது சாவாங்களா?" சாவார்கள் என்றால் எழுதுவாள்.

கசாப்புக்காரி என்று கேலி செய்வார்கள். ரத்தமே இல்லாத நாடகத்துக்கு எதற்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர், அதற்கு என் மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடே போதும் என்பாள் அவள்.

எப்போதும் மேல்மாடத்தின் ஓரத்தில்தான் இருக்கை கேட்பாள். அங்கிருந்து பார்த்தால் மேடையில் விழுகிற அறை கன்னத்தில் படவில்லை என்பது தெரியும். கை காற்றில் போகும். சத்தத்தை எழுப்புவது அடி வாங்குகிறவர்தான், மறைவாகத் தன் உள்ளங்கைகளைத் தட்டி.

அந்த வசந்தத்தில் ராத்காவும் கூடப் போனாள். கல்யாணமாகி மூன்று வருடம். சிரிப்பு நாடகம் என்று சொல்லித்தான் கணவன் லூமீரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். ஆனால் பேருந்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அம்மா இருவர் பெயரையும் வேறொன்றில் எழுதியிருந்தாள்: மனைவியை அடித்தே கொல்கிற மர வியாபாரியின் கதை. ராத்காவுக்கு எரிச்சல் வந்தது. வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியை அம்மா நீட்டியபோது வாங்கவில்லை.

பிற்பகல் காட்சி. மர வியாபாரி முதல் அறைக்குக் கையை ஓங்கினான். சத்தம் கேட்பதற்கு முன்பே ராத்காவின் முழங்கை மேலெழுந்து தலையை மறைத்தது. உடனே முடியைச் சரிசெய்வதுபோல இறக்கிக்கொண்டாள். திரும்பினால், அம்மா மேடையைப் பார்க்கவில்லை. அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கீழே கூடத்தில் தின்பண்டங்களுக்கு வரிசை நின்றது. படிக்கட்டின் அடியில் விளாஸ்தா மகளை நிறுத்தினாள்.

"எத்தனை நாளா?"

"என்னம்மா?"

"நானும் முழங்கையைத்தான் முதல்ல தூக்குவேன். எத்தனை நாளாடி?"

ராத்கா வாயைத் திறந்தாள். அதற்குள் லூமீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவளை வேவு பார்க்க ரயிலேறி வந்து, சிரிப்பு நாடகத்தின் வாசலில் நின்றிருக்கிறான். ஆலைக் கூட்டத்தில் அவளைக் காணாமல், யாரையோ கேட்டு இங்கே வந்திருக்கிறான்.

"அங்க இருப்பேன்னு சொன்ன. இங்க எவன்கூட வந்த?"

அம்மாவுடன் என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. அறை விழுந்தது. மேடைச் சத்தம் போல அது கணீரென்று இல்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டது போல இருந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. முடியைப் பிடித்துப் படியை நோக்கி அழுத்தினான். கோட்டு போட்ட கனவான்கள் கையில் தட்டோடு இரண்டடி பின்வாங்கினார்கள்.

விளாஸ்தா அவன் மூக்கில் குத்தினாள். எலும்பு நொறுங்கியது. அவன் மல்லாந்து விழுந்ததும் மார்பில் முழங்காலை ஊன்றி இன்னும் குத்தினாள். காதைப் பிடித்துத் தலையைக் கல்படியில் இரண்டு முறை மோதினாள். மேலங்கிகளை வாங்கி வைக்கிற கிழவரும் இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்த பிறகுதான் அவள் கை நின்றது. படியில் ஒரு பல் கிடந்தது. மணி அடித்ததும், பார்த்தவர்கள் எல்லாம் இரண்டாம் பாதி பார்க்க உள்ளே போய்விட்டார்கள்.

போலீஸ்காரர் வந்து யார் ஆரம்பித்தது என்று கேட்டார்.

"என் மாமியாருக்குக் கிறுக்கு சார்," என்றான் லூமீர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "பொண்டாட்டிகிட்ட பேசிட்டிருந்தேன், மேல வந்து பாஞ்சுட்டாங்க. அவ தடுக்கி விழுந்துட்டா, அதான் உதட்டுல காயம்."

"ஆமா சார்," என்றாள் விளாஸ்தா, மகளைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் முதல்ல அடிச்சேன். அவன் ஒண்ணும் பண்ணல."

போலீஸ்காரர் ராத்காவைப் பார்த்தார். தலையாட்டினால் போதும். மாலை ரயிலில் லூமீரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"சொல்லு ராத்கா," என்றான் லூமீர்.

அவள் உதட்டிலிருந்த ரத்தத்தைத் துடைக்காமல் நின்றாள். பிறகு சொன்னாள்: "அம்மா பொய் சொல்றாங்க சார். இவர்தான் அடிச்சாரு. இன்னைக்கு மட்டும் இல்ல."

அவள் லூமீரின் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. விளாஸ்தாவுக்கு ஆறு மாதத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள். ஆலையில் அவளை வீராங்கனை என்றார்கள். ராத்கா அப்படிச் சொன்னதில்லை. படியில் மோதிய அந்தத் தலையின் சத்தம் அவளுக்கு மறக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. மகளின் கிழிந்த உதடு கண்ணெதிரே இருக்க, அவன் ஒன்றும் செய்யவில்லை என்று அம்மா ஏன் சொன்னாள்? தான் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலமுறை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் விளாஸ்தா ஒன்றையேதான் சொன்னாள்: "நீ தலையாட்டலையே."