ஸ்கேல் அக்கா சோயா விதைத்த நாள்

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைசிவரை ஸ்கேல் அக்காதான். பதினொரு வருஷமாக அவளுக்கு அங்கே ஒரே வேலை. ஒரே ரக சோயாவை ஆறு பாத்திகளில் பத்துப் பத்து நாள் தள்ளி விதைப்பாள். பிறகு வாரம் தவறாமல் ஒவ்வொரு செடி முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்கேலை நீட்டுவாள். முதல் பாத்தி விதை குளிர்ந்த மண்ணில் பாதி அழுகிப்போகும். இரண்டாம் பாத்தி இடுப்புயரம் வளர்ந்து கணுவுக்குக் கணு காய்த்துக் குலுங்கும். கடைசிப் பாத்தி இருக்கிறதே, பகல் சுருங்குவதைக் கண்டதும் பதறிப்போய் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும்.

"அலங்காரம் பாதியில இருக்கும்போதே மணமேடை ஏறின மாதிரி," என்பாள் அக்கா.

இவ்வளவும் தெரிந்தவளின் சொந்த நிலத்தில் வருஷா வருஷம் முழங்கால் சோயாதான். புருஷன் விதைக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் விதைத்து முடித்த பிறகே வண்டி சொந்த நிலத்துப் பக்கம் திரும்பும்.

அந்த வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அடைமழை என்று விடியற்காலை ரேடியோவில் சொன்னார்கள். அவர்களுடையது பள்ளத்துக் களிமண். நனைந்தால் இரண்டு வாரம் கால் வைக்க முடியாது. இன்றைக்கு விதைத்தால் இடுப்புயரம், விட்டால் முழங்கால்.

விடிந்ததும் புருஷன் வண்டியோடு போய்விட்டார். அக்கா தையல் மெஷினில் உட்காரப்போன நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள்.

பதினொரு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கயிறு கட்டினாள். வரிசைக்கு வரிசை நாற்பத்தைந்து சென்டிமீட்டர், விதைக்கு விதை ஐந்து, ஆழம் மூன்று. நாத்தனார் போட்ட விதையைத் தோண்டி எடுத்து, "இது நாலரைதான் இருக்கு," என்று மறுபடி போட்டாள்.

"அண்ணி, இது முளைக்கணுமா, பரீட்சை எழுதணுமா?"

"பேசாம போடு. இடைவெளி தப்பினா எல்லாம் தப்பு."

"உங்க வயலுக்கு யாரு மார்க் போட வரப்போறாங்க?"

உச்சி வெயிலில் நிமிர்ந்து பார்த்தால் நாலு வரிசை. இரண்டு ஏக்கரில் நாலே நாலு! நாத்தனார் விரல்விட்டு எண்ணினாள். "இதே வேகத்துல போனா பேரப்பிள்ளைங்க அறுவடை பண்ணலாம் அண்ணி."

அழ வேண்டிய அக்கா குபீரென்று சிரித்தாள். இருவரும் மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேற்கே வானம் கறுத்தது. அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அக்கா எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் விதைத்துக்கொண்டிருந்த மேட்டு வயலுக்கு ஓடி டிராக்டர் முன்னால் கையை விரித்து நின்றாள்.

"என்னடி இது, சக்கரத்துக்கு முன்னாடி!"

"வண்டி வேணும். இப்பவே. நம்ம நிலத்துக்கு."

"சரி, வரேன்."

அவ்வளவுதான். அக்கா விரித்த கையை இறக்கினாள். "இத்தனை வருஷமா ஏன் வரல?"

"நீ எங்க கூப்பிட்ட? மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்த. உனக்குக் கடைசி பாத்திதான் புடிக்கும்போலன்னு நெனச்சேன்."

மேட்டு வயல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் ரெண்டு வரிசைதான்மா. முடிச்சதும் கூட்டிட்டுப் போ."

சாயங்காலத்துக்குள் பள்ளம் முழுக்க விதை விழுந்தது. கடைசி வரிசை திரும்பும்போது மழை கொட்டியது. வண்டி களிமண்ணில் அச்சுவரை இறங்கிவிட்டது. மூன்று பேரும் தள்ளினார்கள், வழுக்கினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வண்டி அசையவில்லை.

"கிடக்கட்டும்," என்றாள் அக்கா, முகமெல்லாம் சேறாக. "விதைச்சாச்சு!"

இரண்டு வாரம் கழித்து அதை இழுத்து வெளியே எடுக்க வந்தவர்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். நாலு டயரையும் சுற்றிச் சோயா இரண்டிரண்டு இலை விட்டிருந்தது. எங்கே கால் வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.