சனிக்குப் போன கலமும் எங்கள் தெருவுக்கு வராத தேரும்

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோவில் தேர் பெரிய தெருவோடு போய்ப் பெரிய தெருவோடு திரும்பிவிடும். எங்கள் காலனிக்குள் வராது. கேட்டால், தெரு குறுகலாம், தேர் திரும்பாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு! நெல் லாரி திரும்புகிற தெருவில் தேர் திரும்பாதா? நடக்க முடியாமல் படுத்துக்கிடந்த என் அம்மாவுக்கு, மாதாவை ஒருமுறை தன் வாசலில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக அறிவியல் வாத்தியார். எண்பதாம் ஆண்டு வாக்கில், சனிக் கிரகத்துக்குப் போகிற விண்கலத்தின் பாதையைத் திருத்தி, அங்குள்ள நிலா ஒன்றை ஒட்டிப் போகவைக்கிறார்கள் என்று வானொலியில் கேட்டேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன்.

"அவ்ளோ தூரம் போனத எப்படி சார் திருப்புவாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். வாயில் வந்த உதாரணம் தேர்தான்.

"தேர்ச் சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை குடுத்துத்தான திருப்புறோம்? மூலைக்கு வந்தப்புறம் குடுத்தா மல்லுக்கட்டும். முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிக்கினு வந்தா, அது பாட்டுக்குக் காலனிக்குள்ள திரும்பிடும். கலமும் அப்படித்தான். தொலைவுல இருக்கும்போதே சின்னதா ஒரு தள்ளு போதும்."

வகுப்பு சிரித்தது. சாயங்காலத்துக்குள் தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது. பெரிய தெருக்காரர், திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

"இன்னாய்யா, பாடம் நடத்துறியா, கலகம் பண்றியா? அமெரிக்காக்காரன் ராக்கெட்டுக்கு எங்க தேருதான் கெடச்சுதா?"

"புரியறதுக்கு சொன்னேன் சார்."

"எனக்கு எல்லாம் புரியுது. நாளைக்கு கிளாஸ்ல, தேர் காலனிக்குள்ள திரும்பாது, நான் சொன்னது தப்புன்னு சொல்லு. இல்லன்னா மறைமலை நகர்ல போய் மூட்டை தூக்கு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் முன்னால் கைகட்டி நின்ற நாளையெல்லாம் நினைத்து என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் அவர் வகுப்பு வாசலிலேயே வந்து நின்றார். நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன்: "நேத்து சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. கலமும் திரும்பும், தேரும் திரும்பும். திருப்ப மனசில்லாதவன்தான் தெரு குறுகல்னு சொல்லுவான்."

அன்றைக்கே வேலை போனது. அந்த வருஷத் திருவிழாவிலும் தேர் பெரிய தெருவோடுதான் போயிற்று. கொட்டுச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்: "வேலையும் போச்சு, தேரும் வரல. அந்தாளு மூஞ்சிக்கு நேராவாடா சொன்ன?"

"ஆமாம்மா."

"அது போதும். கதவ சாத்து. அவங்க கொட்டு சத்தம் எனக்கு வாணாம்."