கேற்றடியில் ஒரு நீத்துப்பூசணி

ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கேற்றுக்கு உள்பக்கமாக ஒரு நீத்துப்பூசணிக்காய் இருந்தது. யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. குடையும் பையுமாகப் பாண் வாங்கப் புறப்பட்டவள் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். காயின் சாம்பல் பூத்த முதுகில் சுண்ணாம்பால் இரண்டு கோடு இழுத்து, கீழே ஒரு புள்ளி வைத்திருந்தது. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. காயோ நனைந்திருக்கவில்லை. ஆகவே வைத்தவர் சற்று முன்புதான் வந்து போயிருக்கிறார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அந்தக் குறி எனக்குப் புதிதல்ல. அந்த வருடம் ஆடி மாதத்தில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் நாங்கள் பள்ளிக்கூட முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எங்கள் கேற்றுத் தூணில் இதே இரண்டு கோடும் ஒரு புள்ளியும் இருந்தன. கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த என் கணவர், அது தண்ணீர்க் குழாய்க்காக முனிசிப்பல்காரர் போட்டது என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு திணைக்களம் இருக்கும். நான் அவர் சொன்னதை நம்பவில்லை. பிள்ளைகள் காணமுந்தித் தும்புக்கட்டையை எடுத்துத் தூணின் தோல் உரியுமட்டும் தேய்த்துக் கழுவினேன்.

ஏன் அவ்வளவு பயம் என்று கேட்கலாம். கண்டியில் எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் இரண்டுதான், மற்றதெல்லாம் சிங்கள வீடுகள். மேட்டில் இருந்த மற்ற வீடு கூரை முதல் கதவு வரை எரிந்துபோயிற்று. எங்கள் வீட்டிலோ ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, கோழிகளை மட்டும் காணவில்லை. மேல் வீட்டம்மாவும் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக்காரி, நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டவள். முகாமில் வைத்து அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக் கேட்டாள். “உங்கட வீட்டில மட்டும் ஏன் ஒண்டும் நடக்கேல்லை?” அவர்கள் கப்பலேறி வடக்கே போய்விட்டார்கள். தப்பியதற்குக் காரணம் தெரியாத வீட்டில் நாங்கள் இருந்தோம். அடுத்த முறைக்கென்று யாரோ எங்களை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம் என்று நான் ஒவ்வொரு நாளும் கணவரோடு சண்டை பிடித்தேன். தை மாதம் பார்ப்போம் என்பது அவருடைய பதில்.

இந்த நிலைமையில்தான் பூசணிக்காய் வந்தது. அதுவும் நீத்துப்பூசணி. கழிப்புக் கழிக்க வெட்டுகிற காய். ஒரு வீட்டைப் பிடித்த தோஷத்தை அதில் ஏற்றி, வெட்டி, எங்கேயாவது கொண்டுபோய் எறிவார்கள். சிங்களவரிடமும் அந்த வழக்கம் இருக்கிறது. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், இதெல்லாம் நம்பக்கூடாது. நான் நம்பவும் இல்லை. ஆனால் காயைக் கையால் தொடாமல் விளக்குமாற்றால் உருட்டிக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோனேன்.

கணவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து காயைத் தட்டிப் பார்த்தார். “இஞ்சாரும், நல்லா முத்தின காய். தோசிக்கு இதைவிட வேற என்ன வேணும்?”

“ஆர் வைச்சதெண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“இனிப் பூசணிக்காயிட்டையும் அடையாள அட்டை கேப்பீர் போல!”

தோசி என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். மகளுக்குப் பத்து வயது, மகன் அவளுக்கு இளையவன். வருடா வருடம் ஐப்பசியில் பூசணித் துண்டுகளைச் சீனிப் பாகில் இட்டுத் தோசி போட்டு, அதை அரிந்து நத்தார் கேக்குக்குள் சேர்ப்பது எங்கள் வீட்டு வேலை. கஜுவையும் பிளம்ஸையும் விட அந்தத் தோசிதான் கேக்கை ஈரமாக வைத்திருக்கும். காயில் முள்ளுக்கரண்டியால் குத்துவது பிள்ளைகளின் பங்கு. பாகு உள்ளே இறங்கத்தான் குத்துவது, அவர்களோ பழைய பகை தீர்ப்பதுபோலக் குத்துவார்கள். இந்த வருடம் கேக் இல்லை என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். மகன் உதட்டைப் பிதுக்கினான். “தொட்டா அடிதான்” என்று சொல்லிவிட்டுச் சங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது குசினி நிறையப் பூசணித் தோல். கணவர் காயை வெட்டிக் கொடுத்துவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். துண்டுகள் கரையாமல் இருக்க ஊறவைக்கும் சுண்ணாம்புத் தண்ணீரைக்கூட மகள் கரைத்து வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் பாண் பையை மேசையில் எறிந்தேன்.

“அந்தக் காயில இருந்த குறியைக் கண்டனீங்களோ?”

“ஓம் அம்மா, எங்கட தட்டுக் குறி” என்றாள் மகள், குத்துவதை நிறுத்தாமல்.

எங்கள் வீட்டில் கேக் சுடும் போறணை இல்லை. கண்டியில் அந்த நாளில் எத்தனை வீட்டில் இருந்தது? கேக் குழைத்துத் தட்டில் ஊற்றி, ஒழுங்கை அடியில் இருந்த பேக்கரிக்கு அனுப்புவோம். பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சுகிற இதமான சூட்டில் அவர்கள் வைத்து எடுப்பார்கள். கொண்டுபோவதும் கொண்டுவருவதும் பிள்ளைகள். எல்லாத் தட்டும் ஒரே மாதிரித் தகரத் தட்டு, கடதாசி ஒட்டினால் கருகிப்போகும். அதனால் அந்தச் சிங்கள முதலாளி, வெற்றிலைக்கென்று வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் தொட்டு, வீட்டுக்கு ஒரு குறி போடுவாராம். கேக் வெந்ததும் சாக்குத் துண்டால் துடைத்துத்தான் தட்டைக் கொடுப்பாராம். நான் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. ஆடிக்குப் பிறகு அங்கே பாண் வாங்குவதையும் விட்டிருந்தேன்.

“குறி போட்டா வேற ஒருத்தரும் தொடமாட்டினம். முதலாளி சொன்னாத்தான் வெளியில எடுப்பினம்” என்று மகன் விளக்கம் சொன்னான்.

கணவர் பேப்பரை மடித்தார். அவர் முகம் மலர்ந்து போயிற்று. “பாத்தீரோ? மனுசன் எங்களைக் காப்பாத்தியிருக்கிறார். நீர் அந்த மனுசனைச் சந்தேகப்பட்டு எங்கேயோ போய்ப் பாண் வாங்குறீர்.”

அவருக்கு அதோடு விசயம் முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. தொடாதே என்று ஒருவர் குறி போட, வந்தவர்கள் அதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் வந்தவர்களுக்கு அந்தக் குறியின் அர்த்தம் தெரியும். யார் அவர்கள்? மேல் வீட்டுத் தட்டும் அதே போறணையில்தான் வெந்தது. அவர்களுக்கும் ஒரு குறி இருந்திருக்கும். அது ஏன் அவர்களுடைய கேற்றில் இல்லை? இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன். எனக்கு விசர் என்றார்.

தோசி போட்டோம். வேறென்ன செய்வது, காயை வெட்டியாயிற்று. துண்டுகளைக் கழுவி அவித்துப் பிழிந்து, சீனிப் பாகில் கண்ணாடிபோல வரும்வரை கிண்டினோம். முதல் துண்டை நான் வாயில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தொடவிடாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னும் உயிரோடதான் இருக்கிறீரோ?” என்று கணவர் அறைக்குள்ளிருந்து கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை கேக் குழைத்தோம். மகள் முட்டை அடித்தாள், மகன் ரவை வறுக்கிறேன் என்று பாதியைத் தரையில் கொட்டினான். இந்த முறை தட்டை நானே தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன்.

முதலாளி வாய் நிறைய வெற்றிலையோடு எழுந்து நின்றார். அவருடைய தமிழ் மஹய்யாவப் பக்கத்து மலையகத் தமிழரோடு பழகி எடுத்த தமிழ். “வாங்க நோனா. இந்த வருஷம் தட்டு வராதுன்னு நெனச்சேன்.”

“பூசணிக்காய் நீங்களோ வைச்சது?”

“ஆமா நோனா. கலகெதரயில மச்சான் தோட்டத்துல காய்ச்சது. விடியக் காலையில கேட்ல நின்னு கூப்பிட்டா நீங்க பயந்துருவீங்க. அதான் குறி போட்டு வச்சிட்டு வந்தேன்.”

“ஆடி மாசம் கேற்றில போட்டதும் நீங்களோ?”

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். உள்ளே போறணை வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களையும் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இவனுங்களுக்கு அந்தக் குறி தெரியும் நோனா.”

தட்டை மாவு சிந்தாமல் இறுக்கிப் பிடித்தேன்.

“அப்ப மேல் வீடு?”

“அங்க நான் போய்ச் சேர முந்தி அவனுங்க போய்ச் சேந்துட்டானுங்க.” வெற்றிலையைத் துப்பப் போகிறவர்போல வாசலுக்குப் போனார். துப்பாமலே திரும்பி வந்தார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். இரண்டு வீட்டில் ஒன்றைத்தான் அந்த ஆட்களிடம் கேட்டு வாங்க முடியும் என்று அவர் முடிவு செய்திருக்கவும் கூடும். இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதரைச் சந்தேகப்பட்டது பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

என் கையிலிருந்து தட்டை வாங்கிச் சுண்ணாம்பைத் தொட்டு, இரண்டு கோடும் ஒரு புள்ளியும் போட்டார். உள்ளே நின்றவர்களில் ஒருவன் வந்து அதை வாங்கினான். குறியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. நீண்ட மரச் சட்டுவத்தில் தட்டை ஏந்தி, மற்றத் தட்டுகளில் இடிபடாமல் மிகப் பக்குவமாக உள்ளே தள்ளினான். ஒரு துளி மாவுகூடச் சிந்தவில்லை.

வீட்டுக்கு வந்து நேரே உள்ளே போனேன். குசினியில் தோசிக்குக் கரைத்துப் போக மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு சிரட்டையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். ஆடி மாதம் என் கையாலேயே தேய்த்துக் கழுவிய அதே தூணில், அதே இடத்தில், கோடுகளை இழுத்தேன். என் கோடு கோணலாகப் போயிற்று. மகள் திருத்தினாள். புள்ளியை வைக்க மகன் ஆசைப்பட்டான், விட்டேன். தை மாதத்தில் ஊருக்குப் போகிற கதையை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. யுத்தம் நடந்த அத்தனை வருடமும், மழை கழுவிப்போகும் போதெல்லாம் அந்தக் குறியைப் புதிதாகப் போட்டோம். ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், முனிசிப்பல்காரர் போட்டது என்பேன்.

அன்றைக்கு மகன் சுண்ணாம்பு விரலை உயர்த்திப் பிடித்தபடி மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மேல் வீட்டுக்காரரின்ர குறியும் எனக்குத் தெரியும், அம்மா. மூண்டு புள்ளி. போய்ப் போட்டுவிட்டு வரட்டோ?”

“அங்க போடக் கேற் இல்லை, ராசா” என்றேன்.